அம்மா டீயில் சீனியை விட்டுவிட்டார், ஜூஸை விடமாட்டேன் என்கிறார்

ஆயர்ஈத்தாம்_மக

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். கேள்வி சின்னதுதான், ஆனால் வீட்டில் இரண்டு வாரமாக இதே சண்டை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. போன வருஷம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.0 சதவீதம் வந்தது. இனிப்பு நீர் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது, சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கே அம்மா டீயில் சீனியை நிறுத்தினார். இப்போது எங்கே போனாலும் தே ஓ கோசோங்தான், பாலும் சீனியும் இல்லாத டீ. தீபாவளிக்குத் தானே உருட்டிய நெய் உருண்டையை ஒன்றுகூட வாயில் போடவில்லை. சோற்றையும் கரண்டி எண்ணித்தான் போட்டுக்கொள்கிறார். இவ்வளவும் செய்துவிட்டு இந்த முறை போனால் 6.2. கார் பார்க்கில் உட்கார்ந்து அழுதேவிட்டார், எனக்குப் பார்க்கவே கஷ்டமாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அண்ணன் அம்மாவின் பிறந்தநாளுக்கு 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மெதுவாகப் பிழிகிற அந்த ஜூஸ் மெஷின் வாங்கிக் கொடுத்தார். காலை ஆறரைக்கெல்லாம் அது உறும ஆரம்பித்துவிடும். மூன்று ஆரஞ்சு, இரண்டு ஆப்பிள், பாதி கேரட், ஒரு துண்டு இஞ்சி. ஒரு பக்கம் ஜூஸ் வழிய, இன்னொரு பக்கம் சக்கை பிழிந்த தேங்காய்ப் பூ மாதிரி உதிரி உதிரியாக வந்து விழும். அதை அம்மா கறிவேப்பிலைச் செடிக்குப் போடுவார். ஜூஸை ஒரு நாள் அளந்து பார்த்தேன், 400 மில்லிக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. ஒரு துளி சீனி சேர்ப்பதில்லை.

அண்ணன் சொல்வது, பழத்தில் இருக்கிற சீனி இயற்கை, ஆலையில் வருகிற சீனி வேறு, இரண்டையும் ஒன்றாகப் பேசாதே. அண்ணி சொல்வது, இதற்குக் கோலாவையே குடித்துவிட்டுப் போகலாம். அம்மாவோ எனக்கு வேறு எதுதான் மிச்சம், இதையும் பிடுங்காதீர்கள் என்கிறார். நான் நடுவில். பழம் சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லும்போது அதே பழத்தைப் பிழிந்து குடித்தால் மட்டும் என்ன வந்துவிடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் அண்ணன் மகளுக்கு இரண்டு வயது, அவளுக்கும் இதே ஜூஸைப் பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அதுவும் சரியா?

கோசோங் மணி

ஐந்து பழத்தை முழுசாக உரித்து, நறுக்கி, அம்மா முன்னால் தட்டில் வையுங்கள். ஒரே உட்காரலில் சாப்பிடச் சொல்லுங்கள். முடியாது. ஜூஸாக இருந்தால் இரண்டு நிமிஷம். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான், மீதியைப் படித்தவர்கள் சொல்வார்கள்.

வெள்ளைச்சப்பாத்து

தங்கச்சி, நான் அரசாங்க மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் வாரத்துக்கு நாலு பேராவது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கட்டுப்பாடான ஆட்கள், டீயைப் பற்றிக் கேட்டால் பெருமையாகக் கோசோங் என்பார்கள், காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டால்தான் ஜூஸ் வெளியே வரும். அதையும் மருந்து சாப்பிடுகிற மாதிரி சொல்வார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் 10 முதல் 12 கிராம் சீனி, ஆப்பிளில் 18, 19 கிராம். ஒரு பங்கு சக்கையோடு போனாலும் அம்மாவின் டம்ளரில் 40 கிராமாவது நிற்கும். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் 10 தேக்கரண்டி. முன்பு டீயில் அம்மா எத்தனை கரண்டி போட்டார், இரண்டா? நாளைக்கு மூன்று டீ என்றாலும் ஆறு கரண்டிதான். அதை நிறுத்திவிட்டு இந்தப் பத்தை உள்ளே விட்டிருக்கிறார், அதுவும் வெறும் வயிற்றில்.

அண்ணி சொன்னதும் சீனி அளவில் தப்பில்லை. 100 மில்லி ஆரஞ்சு ஜூஸில் 8, 9 கிராம், ஆப்பிள் ஜூஸில் 10, திராட்சை ஜூஸில் 14, 15 வரைகூடப் போகும். வழக்கமான கோலா 10 கிராமை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் கோலாவில் வைட்டமின் சி இல்லை, பொட்டாசியம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அந்த வகையில் இரண்டும் ஒன்றல்ல. கோலாவையே குடிக்கலாம் என்பது கோபத்தில் சொன்னது, விட்டுவிடுங்கள்.

அண்ணனின் இயற்கைச் சீனிக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் நாம் டீயில் போடும் சீனி, தேன், பாகு, பழச்சாறு எல்லாவற்றையும் ஒரே கூடையில்தான் போட்டிருக்கிறார்கள். முழுப் பழம் அந்தக் கூடையில் இல்லை. கூடையில் உள்ளதெல்லாம் சேர்த்து ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, முடிந்தால் அதிலும் பாதியாகக் குறைப்பது நல்லது என்பது பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முறையே 50 கிராம், 25 கிராம். அம்மா காலை ஏழு மணிக்கே 40ஐ முடித்துவிடுகிறார்.

பழத்துக்கு மட்டும் ஏன் சலுகை என்றால், பழத்தில் சீனி நார்ச்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மென்று, கூழாக்கி, வயிறு அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது வெளியே வரும். ஜூஸில் அந்தச் சுவரை மெஷினே இடித்துக் கொடுத்துவிடுகிறது. நாரைத் தின்றது உங்கள் கறிவேப்பிலைச் செடி, அது செழிப்பாகத்தான் இருக்கும்! 1977லேயே லான்செட் மருத்துவ இதழில் ஒரு சோதனை வந்தது. ஒரே அளவு ஆப்பிளைச் சிலருக்கு முழுசாகவும், கூழாகவும், நாரை எடுத்த ஜூஸாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளை மென்று முடிப்பதைவிட ஜூஸை 11 மடங்கு வேகமாகக் குடிக்க முடிந்தது, பசி அடங்கியது ஜூஸில்தான் மிகக் குறைவு, இன்சுலினும் பழத்தைவிட ஜூஸுக்குத்தான் அதிகமாக ஏறியது. மணி தம்பி இரண்டு வரியில் சொன்னது இதைத்தான்.

ப்ளெண்டரில் போட்டு வடிகட்டாமல் குடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நார் உள்ளேயே இருப்பதால் பிழிந்ததைவிடத் தேவலாம், ஆனால் ஐந்து பழத்தை இரண்டு நிமிஷத்தில் குடிக்கிற பிரச்சினை அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது.

குழந்தைக்குப் பாட்டிலில் வேண்டவே வேண்டாம். உறிஞ்சிக்கொண்டே தூங்கினால் முன்பல் முழுக்கச் சொத்தையாகும், ஜூஸின் புளிப்பும் பல்லை அரிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல் சொன்னது, ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை நாளுக்குச் சுமார் 120 மில்லிக்கு மேல் போகக்கூடாது, அதுவும் கப்பில். இரண்டு வயதுக்குப் பல் வந்துவிட்டதே, பழத்தைச் சின்னதாக நறுக்கிக் கையில் கொடுங்கள்.

செந்தூல் சிங்கம்

எல்லாம் சரி, ஆனால் இப்படியே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனால் மனுஷன் எதைத்தான் சாப்பிடுவது? சோறு கூடாது, ரொட்டி சானாய் கூடாது, இப்போது பழமும் கூடாது. என் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர், வாரச் சம்பளம் வாங்கியதும் கரும்புச் சாறு இரண்டு கிளாஸ் அடிப்பார், 88 வயதுவரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தார். மாமாக் கடையில் தே தாரிக்கில் ஊற்றுகிற இனிப்புப் பாலை யாரும் கேட்பதில்லை, பாவம் ஒரு அம்மா பழச்சாறு குடித்தால் ஆளாளுக்குக் கால்குலேட்டர் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஜூஸ் குடித்தால் இனிப்பு நீர் வரும் என்று நிரூபணமாகியிருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பாசார்மாலாம் தம்பி

வீட்டில் பிழிகிற ஜூஸாவது பரவாயில்லை அக்கா, கடை ஜூஸைப் பற்றி நான் சொல்கிறேன். படித்துக்கொண்டிருந்தபோது கோலாலம்பூரில் ஒரு பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஜூஸ் ஒட்டுக்கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு முதல் வேலை பழம் நறுக்குவது இல்லை, பாகு காய்ச்சுவது. ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பாண்டான் இலை ஒரு முடிச்சு. ஆறியதும் பெரிய பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம், வாடிக்கையாளர் கண்ணில் படாத மாதிரி, பழம் மட்டும் முன்னால் பளபளவென்று அடுக்கியிருக்கும். எங்கள் கரண்டி 40 மில்லி பிடிக்கும். அந்தப் பாகில் 40 மில்லி என்றால் சுமார் 25 கிராம் சீனி, பழத்தில் உள்ளது தனி. தர்பூசணி நல்ல இனிப்பாக வந்த வாரம் அரைக் கரண்டி, சப்பென்று வந்த வாரம் ஒன்றரை. வாடிக்கையாளருக்கு எல்லா வாரமும் ஒரே இனிப்பு வேண்டும், பழம் அப்படி வராது, அதனால் பாகுதான் சமன் செய்யும்.

இன்னொன்று, ஐஸ். ஜில்லென்று இருந்தால் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. அதே ஜூஸை ஐஸ் உருகிச் சூடு ஏறியபின் குடித்துப் பாருங்கள், தொண்டையில் ஒட்டும்.

நம் பினாங்கு அம்ப்ரா ஜூஸ், ‘அசாம் போய்’ என்கிற உப்பிட்டுக் காயவைத்த பிளம் ஒன்று உள்ளே போட்டுப் பச்சையாக, குடித்தால் உயிர் வருகிற மாதிரி இருக்கும். அம்ப்ரா எவ்வளவு புளிப்பு என்று யோசியுங்கள். அது அப்படி இறங்குகிறது என்றால் பாகு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஜாதிக்காய் ஜூஸும் அப்படித்தான், சதையைச் சீனியோடு கொதிக்க வைத்துத்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானே குடிப்பேன், பழம் குடிக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு விஷயம். குராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்று கேட்டால் கரண்டி பாதியாகும், அவ்வளவுதான், நிற்காது. வேண்டவே வேண்டாம் என்றால் தாக் மாவ் கூலா (சீனி வேண்டாம்) என்று சொல்லிவிட்டு, அவர் ஊற்றி முடிக்கிறவரை அங்கேயே நின்று பாருங்கள். எங்கள் கைக்குப் பழக்கம், கூட்ட நேரத்தில் தானாகப் போத்தலுக்குப் போய்விடும்.

வெள்ளைச்சப்பாத்து

தம்பி எழுதியதை நான் வேலையில் இருந்தபோது படித்திருந்தால் அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

செந்தூல்காரருக்கு. நியாயமான கேள்விதான். நிரூபணம் என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. 2013ல் ஹார்வர்டு ஆட்கள் பிஎம்ஜே மருத்துவ இதழில் எழுதினார்கள், சுமார் 1,87,000 பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு. முழுப் பழம், குறிப்பாக புளூபெரி, திராட்சை, ஆப்பிள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு குறைவு, ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதல். வாரத்தில் மூன்று ஜூஸை முழுப் பழமாக மாற்றினால் சுமார் 7 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் இது பின்தொடர்ந்து பார்த்தது, சோதனை இல்லை. சீனி சேர்க்காத ஜூஸைக் கொடுத்துச் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சீனியில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றும் வந்திருக்கிறது. ஆகவே நல்ல உடம்புக்காரர் ஒரு சின்ன கிளாஸ் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. இங்கே பேசுவது ஏற்கெனவே 6.2ல் நிற்கிற ஒருவர், தினமும், வெறும் வயிற்றில், 400 மில்லி. இரண்டும் ஒன்றா?

உங்கள் தாத்தா விஷயம். அவர் பகல் முழுக்க வெட்டுக்கத்தியோடு மலை ஏறி இறங்கியவர், கரும்புச் சாறு வாரத்துக்கு ஒரு நாள். நாம் லிஃப்டில் ஏறி இறங்குகிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவரை நெருங்குகிறது ஐயா, அதனால்தான் கால்குலேட்டர்.

ஒன்றை மறக்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், சில மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சீனி திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வேர்த்தால் அப்போது ஜூஸ்தான் மருந்து. 150 மில்லி, 15 கிராம் சீனி, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏன் வேலை செய்கிறது என்றால் வேகமாக ஏறுகிறது என்பதால்தான்.

கோசோங் மணி

பெட்டி ஜூஸ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானத்துக்கு வரி வந்ததே, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி. ஆனால் பழச்சாறுக்கு அந்தக் கோடு 12 கிராம். அதனால் 9, 10 கிராம் சீனி உள்ள ஆரஞ்சு ஜூஸ் வரிக்குள் வராது. சிங்கப்பூரில் அப்படி இல்லை, 2022 டிசம்பர் முதல் ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, சி, டி என்றால் பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள், ஜூஸும் விதிவிலக்கில்லை, 100 மில்லிக்கு 10 கிராமைத் தாண்டினால் டி. ஜோகூர் பாருவில் மாமா வீட்டுக்குப் போனபோது ஐஸ்பெட்டியில் சிங்கப்பூர் ஜூஸ் பெட்டி ஒன்றைப் பார்த்தேன், முன்பக்கம் பழத்தோட்டம் படம், ஓரத்தில் டி!

சீனி சேர்க்கவில்லை என்று முன்னால் எழுதியிருந்தாலும் திருப்பிப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்.

பிறைக்காரன்

திரி ஜூஸைப் பற்றி ஓடுவதால் சொல்லிவிடுகிறேன், இதற்கும் சீனிக்கும் சம்பந்தமில்லை. கிட்னி பலவீனமாக உள்ளவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் பெலிம்பிங் ஜூஸ் கொடுக்காதீர்கள், அதுதான், நட்சத்திரப் பழம், வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே. டயாலிசிஸில் இருந்த எங்கள் பெரியப்பா, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிளாஸ் குடித்தார். ராத்திரி விக்கல் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை, விடிவதற்குள் ஆள் பேச்சே மாறிவிட்டது, எங்களையே யார் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே பெலிம்பிங் சாப்பிட்டாரா என்பதுதான். அந்தப் பழத்தில் நரம்பைத் தாக்கும் ஒரு பொருள் இருக்கிறது, நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், கெட்ட கிட்னியால் முடியாது. வலிப்பு வந்து உயிர் போனவர்களும் உண்டு. டயாலிசிஸ் இரட்டிப்பாகச் செய்து எங்களுக்கு அவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆரஞ்சு ஜூஸில் பொட்டாசியம் அதிகம், அதுவும் அவர்களுக்கு ஆகாது. இனிப்பு நீரும் கிட்னியும் நம் வீடுகளில் ஜோடியாகத்தான் வருகின்றன, அதனால் எழுதினேன்.

ஆயர்ஈத்தாம்_மக

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக சப்பாத்து அக்காவுக்கு. பிறைக்காரர் அண்ணா, படித்துவிட்டு உடனே மாமா வீட்டுக்குப் போன் போட்டேன், அவருக்கும் கிட்னி கொஞ்சம் அப்படித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவிடம் வாதம் செய்து பயனில்லை என்று தெரியும், அதனால் விரலில் குத்திப் பார்க்கிற மெஷினும் ஒரு டப்பி ஸ்ட்ரிப்பும் வாங்கி வந்தேன். அம்மா, நீங்களே பாருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் 5.8. வழக்கமான ஜூஸ். ஒரு மணி நேரம் கழித்து 10.6. இங்கே மெஷின் மில்லிமோலில் காட்டும், இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை 5.9, அன்றைக்கு ஒரு ஆரஞ்சு, பாதி கொய்யா, ஒரு அவித்த முட்டை. ஒரு மணி நேரத்தில் 7.4. ஐந்து பழமும் ஒன்றரைப் பழமும் ஒன்றா என்று அண்ணன் கேட்டார், சரிதான், சமமான போட்டி இல்லை. ஆனால் அம்மாவால் தட்டில் வைத்துச் சாப்பிட முடிந்தது அவ்வளவுதானே. வயிறு நிறைந்துவிட்டது என்று பத்து மணி பலகாரத்தையும் கேட்கவில்லை.

அம்மா அந்த 10.6ஐக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "அப்போ தீபாவளிக்கு அந்த நெய் உருண்டையையாவது தின்னிருப்பேனே."

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், சின்ன டம்ளர், சாப்பாட்டோடு என்று பேசி முடித்திருக்கிறோம். குழந்தையின் பாட்டிலையும் நிறுத்தியாயிற்று, அதற்கு அண்ணி தயாராகத்தான் இருந்தார், அண்ணன்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளைச்சப்பாத்து

கொய்யா மிக நல்ல தேர்வு, வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு, நாரும் அதிகம். ‘அசாம் போய்’ பொடி மட்டும் கொட்டாமல் இருக்கட்டும், அதில் உப்பும் சீனியும்தான். அந்த மெஷின் எண்களை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

பாசார்மாலாம் தம்பி

அக்கா, மெஷினை விற்கிறீர்களா? நான் இப்போது பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறேன், 300 வெள்ளி தருகிறேன், நானே ஃபெர்ரி ஏறி வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆயர்ஈத்தாம்_மக

கொடுக்கமாட்டாராம் தம்பி. நேற்று அதில் தேங்காயைப் போட்டுப் பால் பிழிந்து பார்த்தார், கையால் பிழிவதைவிடக் கெட்டியாக வருகிறதாம். தேங்காய்ப்பாலுக்கு யாரும் தனியாகத் திரி ஆரம்பித்துவிடாதீர்கள், ப்ளீஸ்.